நான்காம் பக்கத்து ‘ஆகவே’

எங்கள் பல்கலைக்கழக நூலகம் நாற்பத்தொரு தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டுகிறது. உயிரியலுக்குப் பதினொன்று, வேதியியலுக்கு ஒன்பது, இயற்பியலுக்கு ஏழு. மீதி எதற்கென்று எனக்கே நிச்சயமில்லை. ‘எனக்கே’ என்று சொல்லக் காரணம், அங்கே துணை நூலகர் நான்தான். பெயர் கோமதிநாயகம். இருபத்தாறு வருடத்தில் பல லட்சம் ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகளைப் படித்திருக்கிறேன். தலைப்பைத் தாண்டி உள்ளே போனதில்லை. மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறவன் பந்தியைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை.

ஆண்டறிக்கையில் ஒவ்வொரு வருடமும் ‘ஒன்பது லட்சம் பதிவிறக்கங்கள்’ என்று எழுதுவேன். இறக்கியவர்கள் படித்தார்களா என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது நாகரிகமும் இல்லை.

வாசிமானி வந்து அந்த நாகரிகத்தைக் கெடுத்தது.

ஆய்வேடுகளை எந்திரமே எழுதிக்கொடுக்க ஆரம்பித்து அப்போது நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஓர் எந்திரம் எழுதும், இன்னொன்று திருத்தும், மூன்றாவது மதிப்பிடும். மாணவருக்கு மிச்சம் இருந்தது அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் வேலைதான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஓர் ஆய்வேட்டில் முந்நூறு மேற்கோள் கட்டுரைகளில் இருநூற்றுத் தொண்ணூறு இந்த உலகத்திலேயே கிடையாது என்று தெரிந்தபோது பத்திரிகைகள் சிரித்தன. பல்கலைக்கழகம் கூடி ஒரு முடிவுக்கு வந்தது: எழுதுவது எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், படிப்பது மனிதராக இருக்க வேண்டும். மாணவர், தான் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையையும் நூலகத்தில் உட்கார்ந்து படித்தாக வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியர், மாணவரின் ஆய்வேட்டை முழுக்கப் படித்தாக வேண்டும். படித்தார்களா என்று திரைக்கு மேல் உட்கார்ந்திருக்கும் வாசிமானி சான்று கொடுக்கும்.

அதை மாட்டிவைக்க வந்த சென்னைப் பொறியாளரிடம் துணைவேந்தர் சந்தேகம் கேட்டார்.

“கண்ணு ஓடுறத வச்சுக் கண்டுபிடிக்குதா?”

“ஓடுறது மட்டும் இல்ல சார். எங்க நிக்குது, எங்க திரும்பி வருது, கருவிழி எப்ப விரியுது, எல்லாம் பார்க்கும். புரிஞ்சா கண்ணு ஒரு மாதிரி நகரும், புரியலன்னா வேற மாதிரி நகரும்.”

“புரிஞ்ச மாதிரி நடிச்சா?”

“அத கண்டுபிடிக்கத்தான் சார் நாலு வருஷம் ஆச்சு. பேராசிரியர்கள உக்கார வச்சுதான் பழக்குனோம்.”

துணைவேந்தர் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

வாசிமானி நான்கு தீர்ப்புகள்தான் சொல்லும்: பார்த்தார், புரட்டினார், படித்தார், புரிந்துகொண்டார். கடைசியது மட்டும் பச்சை. திறப்பு விழாவில் துணைவேந்தர் வாசிமானியின் விதிமுறைப் பக்கத்தையே படித்துக்காட்டினார். ‘புரட்டினார்’ என்று வந்தது. கை தட்டிவிட்டோம்.

முதல் மாதக் கணக்கை நான் யாரிடமும் காட்டவில்லை. இறக்கியவை எழுபத்தையாயிரம். புரிந்துகொள்ளப்பட்டவை முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்றில் ஆறு, ஏசி பழுதுபார்க்க வந்தவர் உதிரிபாகத்துக்குக் காத்திருந்த நேரத்தில் படித்தவை.

இப்படி இருக்கையில்தான் பிப்ரவரி கடைசியில் ஜெயவடிவு என் மேசைக்கு வந்தாள்.

ஜெயவடிவு நுண்ணுயிரியல் துறையில் எட்டாம் வருட ஆராய்ச்சி மாணவி. ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டி. உப்பு விளைகிற காலத்தில் பாத்தித் தண்ணீர் ரோஸ் நிறமாக மாறும் அல்லவா, அந்த நிறத்தைக் கொடுக்கும் நுண்ணுயிர்தான் அவளுடைய ஆராய்ச்சி. மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று பதிவாளரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ரத்து என்றால் எட்டு வருடமும் ரத்து. அவளுடைய ஊர்க்காரர்களோ ஐந்து வருடமாகவே அவளை டாக்டர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரத்தானால் அதை அவர்களிடம் யார் போய்ச் சொல்வது என்பது அவளுக்குத் தனிக் கவலை.

“கோமதி சார், உங்க மிஷினு கெட்டுப்போச்சு.”

“என் மிஷின் இல்லம்மா. நான் சும்மா தூசி தட்டுதவன். என்ன ஆச்சு?”

“இருநூத்திப் பதினாலு கட்டுரை சார். இருநூத்திப் பதிமூணும் பச்சை. ஒண்ணே ஒண்ணு விழ மாட்டேங்கு. ஒம்போது தடவை படிச்சாச்சு.”

எடுத்துப் பார்த்தேன். மேற்கோள் எண் ஒன்று. தவமணிராஜும் பிறரும், இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தையது, ஆறு பக்கம்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. பேராசிரியர் தவமணிராஜ் ஜெயவடிவின் வழிகாட்டி. அந்தத் துறையில் எந்த ஆய்வேட்டுக்கும் பிள்ளையார் சுழி அவருடைய இந்தக் கட்டுரைதான். புதிதாகச் சேரும் மாணவர் முந்தைய மாணவரின் பட்டியலை வாங்குவார். எண் ஒன்றைத் தொடமாட்டார். அதற்குக் கீழே தன்னுடையதைச் சேர்த்துக்கொள்வார். இப்படிப் பட்டியல் கைமாறிக் கைமாறி அந்தக் கட்டுரை முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. வாசிமானி வந்தபிறகு அந்தத் துறையில் ஆய்வேடு கொடுக்கப் போகிற முதல் ஆள் ஜெயவடிவுதான்.

“முன்னால இத நீ படிச்சதே இல்லியா?” என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் கூச்சப்பட்டாள். “சீனியர் அக்கா பட்டியல்ல இருந்து எடுத்தேன் சார். அவங்க அவங்க சீனியர்கிட்ட இருந்து.”

நான் தலையாட்டினேன். எனக்கு அதைக் கேட்க என்ன யோக்கியதை?

“எங்க நிக்குது?”

“நாலாம் பக்கம் மொத வரியில. மூணாம் பக்கம் முடியுற எடத்துல, ஐப்பசி மழையில பாத்தியில இருந்த செவப்புக் கிருமி பூராவும் செத்துப்போகுதுன்னு இருக்கு. சரியா?”

“சரி.”

“நாலாம் பக்கம் எடுத்ததும், ‘ஆகவே தை மாதத்தில் அவை பாத்திக்குத் திரும்புகின்றன’ன்னு இருக்கு.”

“செத்தது எப்படிம்மா திரும்பும்?”

“அதத்தான் சார் மிஷினும் கேக்கு.”

நானும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தேன். ‘புரட்டினார்’ என்றது. பரவாயில்லை, துணைவேந்தரும் நானும் ஒரே நிலை.

“அப்ப நெசத்துக்கு அது மழைக்காலத்துல எங்கதான் போகுது?”

ஜெயவடிவின் முகம் அப்போதுதான் தெளிந்தது. “அதுதான் சார் என் தீசிஸ். எல்லாம் சாகாது. உப்பு வாருற மரப்பலகை இருக்குல்லா, அந்த மர ரேகைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிடுது. மழைக்கு ஷெட்டுல சாத்தி வச்சிருப்பாங்க. தையில எடுத்து மறுபடி பாத்தியில எறக்கும்போது அதுவும் எறங்கிடும். காத்துல வருது, கடல்ல வருதுன்னு எல்லாரும் தேடுனாங்க. அத நாமளேதான் சார் தூக்கிட்டுப் போய் விடுதோம். நூத்திநாப்பது பலகை பாத்திருக்கேன்.”

இருபத்தாறு வருடத்தில் ஓர் ஆராய்ச்சி எனக்குப் புரிந்தது அதுதான் முதல்முறை. வாசிமானி பக்கத்தில் இருந்திருந்தால் பச்சை விழுந்திருக்கும்.

“அப்ப ஒண்ணாம் நம்பர எடுத்துட்டு மத்ததக் குடுத்துரலாமேம்மா.”

“சார்கிட்ட அதத்தான் கேட்டேன். ‘என் பேரு இல்லாத தீசிஸுல நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்’னு கேக்காரு.”

மறுநாள் பதினோரு மணிக்குப் பேராசிரியர் தவமணிராஜே நூலகத்துக்கு வந்தார். அவர் நூலகத்துக்குள் வந்து நான் பார்ப்பது, கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது வர்ணம் தேர்வு செய்ய வந்ததற்குப் பிறகு இதுதான். பின்னால் ஜெயவடிவு.

“என்னவே கோமதிநாயகம், என் கட்டுரை புரியலேங்குதாமே உம்ம டப்பா?”

“டப்பா பல்கலைக்கழகத்துது சார்.”

“எழுதுனவன் நான். நான் படிக்கேன் பாரும்.”

ஏழாம் எண் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஜெயவடிவு நின்றாள். அவர் நிமிர்ந்து, கம்பீரமாக, தேசிய கீதம் கேட்கிற முகத்தோடு படித்தார். முதல் மூன்று பக்கம் சீராகப் போயிற்று. நாலாம் பக்கத்தில் கண் நின்றது. மூன்றாம் பக்கத்துக்குப் போய்த் திரும்பியது. மறுபடி போயிற்று. ஆறு பக்கத்தையும் முடித்து நாற்காலியில் சாய்ந்தார்.

தேன் குரலில் வாசிமானி சொன்னது: “படித்தார். புரிந்துகொள்ளவில்லை. பக்கம் நான்கு, முதல் வரி.”

“காமிரால அழுக்கு.”

துடைத்தேன். மறுபடி படித்தார். “படித்தார். புரிந்துகொள்ளவில்லை.”

“வெளிச்சம் சரியில்ல.”

திரைச்சீலையை விலக்கினேன். மூன்றாவது முறை கண் நாலாம் பக்கத்துக்குள் போகவே மறுத்தது. “புரட்டினார்” என்றது வாசிமானி. கீழே இறங்கிக்கொண்டிருந்தது மதிப்பு.

பக்கத்து மேசையில் ஒரு மாணவருக்கு இருமல் வந்தது. இருமல்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

“இந்தச் சவத்த எவன்வே வாங்குனது?” என்று கேட்டுவிட்டுப் பேராசிரியர் எழுந்து போனார். வாசலில் நின்று திரும்பி ஜெயவடிவிடம் சொன்னார்: “ஒண்ணாம் நம்பர் இருக்கணும். பச்சையும் இருக்கணும். என்ன செய்வியோ தெரியாது.”

ஜெயவடிவு அழவில்லை. உப்பளத்துக்காரி, தண்ணீரை வீணாக்க மாட்டாள். “சார், ‘பிறரும்’னு போட்டிருக்கே, அந்தப் பிறர் யாரு?” என்று மட்டும் கேட்டாள்.

திறந்து பார்த்தேன். பிறர் என்றால் ஒரே ஓர் ஆள்தான். டி. அமிர்தகனி. முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் அந்தப் பெயர் ‘பிறரும்’ என்பதற்குள் அடங்கிவிட்டிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. போகிறவர் நிலுவையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு போகாதவரை அவருடைய உறுப்பினர் அட்டையை நாங்கள் கிழிப்பதில்லை. அமிர்தகனி வாங்கவில்லை. பட்டம் முடிக்காமல் பாதியில் நின்றவர்கள் யாரும் வாங்குவதில்லை. அட்டையில் இருந்த தொலைபேசி எண்ணில் அவருடைய தம்பி எடுத்தார். தம்பி கொடுத்த எண்ணில் அவரே எடுத்தார். தூத்துக்குடியில் ஓர் உப்பு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

“நாலாம் பக்கம் புரியலன்னு இத்தனை வருஷத்துல நீங்கதான் மொதல்ல கேக்கீங்க” என்றார்.

“நான் கேக்கலம்மா. மிஷின் கேக்குது.”

“ஏதோ ஒண்ணு கேட்டுதே” என்றவர், சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் வந்தார்.

ஐம்பதை நெருங்கும் பெண். கையில் மஞ்சள் பிளாஸ்டிக் உறை. ஜெயவடிவு அவரை நூலகத்தின் மூலை மேசைக்கு அழைத்துப் போனாள். நான் பக்கத்து அலமாரியில் புத்தகம் அடுக்கினேன். அடுக்கியதையே திரும்பத் திரும்ப அடுக்கினேன்.

“நான் எழுதிக் குடுத்தது ஆறரைப் பக்கம்” என்றார் அமிர்தகனி. “ஆறு பக்கத்துக்கு மேல போட மாட்டோம்னு பத்திரிகைக்காரன் திருப்பிட்டான். சார் நடுவுல அரைப் பக்கத்தத் தூக்கிட்டாரு. மூணாம் பக்கத்துக்கும் நாலாம் பக்கத்துக்கும் இடையில இருந்தது அதுதான்.” உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார்.

ஜெயவடிவு படித்தாள். முழுதும் படிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குமேலும் அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?” என்றேன், புத்தகத்தை மறந்து.

“பலகை சார்” என்றாள். “மர ரேகைக்குள்ள ஒளியுதுன்னு அக்கா இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே எழுதியிருக்காங்க. என் எட்டு வருஷமும் இந்த அரைப் பக்கத்துல இருக்கு.”

நிலைமை எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. இந்த அரைப் பக்கத்தைக் கட்டுரையில் சேர்த்துவிட்டால் நாலாம் பக்கம் புரியும், பச்சை விழும். ஆனால் ஜெயவடிவின் கண்டுபிடிப்பு புதியது இல்லை என்று ஆகும். பழையதற்குப் பட்டம் கிடையாது. சேர்க்காவிட்டால் கண்டுபிடிப்பு புதியது. ஆனால் பச்சை விழாது, ஆய்வேட்டைக் கொடுக்கவே முடியாது. மாட்டுக்குக் கொம்பு இரண்டு என்பது இதற்குத்தான் போலிருக்கிறது.

அமிர்தகனி தாளைத் திரும்ப உறைக்குள் தள்ளினார். “இது வெளிய வந்ததே இல்ல. நான் கொண்டுவரலன்னு வச்சுக்கோ. நான் பாத்தது மூணே மூணு பலகை. நீ எத்தனை?”

“நூத்திநாப்பது.”

“அப்ப இது உன்னுது.”

“மொதல்ல பாத்தது நீங்கல்லா அக்கா.”

“மூணு பலகையில பாத்தத ஊகம்னு சொல்லுவாங்க. நிரூபிச்சது நீதான்.”

“அது எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் எட்டு வருஷத்த நாலுல முடிச்சிருப்பேன். உங்களுதுதான்.”

பந்தியில் கடைசி வடையை ஒருவர் இலைக்கு ஒருவர் தள்ளிவிடுகிற மாதிரி இரண்டு பேரும் அதை மேசையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினார்கள். ஒரு விஞ்ஞானக் கண்டுபிடிப்பை வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு பேர் சொல்லி நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் வளாகத்தில் ஒரு தொட்டிச் செடிக்கே மூன்று பேராசிரியர்கள் உரிமை கோருகிறார்கள்.

“ஒரு விஷயம் கேக்கலாமா?” என்று நான் உள்ளே நுழைந்தேன். நூலகனுக்குப் புரிதல் கிடையாதே தவிர விதிமுறை தெரியும். “அச்சுல வராதத மேற்கோள் காட்ட ஒரு வழி இருக்கும்மா. ‘நேரில் சொன்னது’ன்னு போடலாம். இன்னார், இந்தத் தேதி, இந்த எடம். அதுக்கு வாசிமானிச் சான்று வேண்டாம். பேச்சை அளக்க இன்னும் மிஷின் வரல.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“சார் கட்டுரைய எடுத்துட்டு ஒண்ணாம் நம்பர்ல இதப் போடுதேன்” என்றாள் ஜெயவடிவு. “டி. அமிர்தகனி, நேரில் சொன்னது. அவங்க மூணு பலகையில பாத்தத நான் நூத்திநாப்பதுல நிரூபிச்சேன்னு எழுதுதேன். நிரூபணம் புதுசுதான?”

“புதுசுதான்” என்றார் அமிர்தகனி. பிறகு, “ஆனா சார் ஒத்துக்கிட மாட்டாரே” என்றார்.

ஒத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை ஜெயவடிவு அரைப் பக்க விவரத்தைச் சொல்லித் திருத்திய ஆய்வேட்டைக் கொடுத்தபோது, மேற்கோள் பட்டியலின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினாராம். மேற்கொண்டு திறக்கவில்லை. அவர் முழுக்கப் படித்து வாசிமானி பச்சை காட்டினால்தான் பதிவாளர் வாங்குவார். மார்ச் இருபதாயிற்று. இருபத்துநாலாயிற்று. ஜெயவடிவு தினமும் நூலகத்துக்கு வந்து ஏழாம் எண் திரையைத் துடைத்துவிட்டுப் போவாள்; அது என் வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருபத்தைந்தாம் தேதி அமிர்தகனி மறுபடி விடுப்பு எடுத்தார். நேரே துறைக்குப் போகாமல் நூலகத்துக்கு வந்து, பேராசிரியரை இங்கே வரச்சொல்லிப் போன் பண்ணுங்கள் என்றார். பண்ணினேன். யார் வந்திருப்பது என்று சொன்னேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்தில் வந்தார்.

“நல்லா இருக்கீங்களா சார்?” என்று எழுந்து நின்றார் அமிர்தகனி.

“இருக்கேன். நீ?”

“இருக்கேன் சார்.”

பேராசிரியர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அரைப் பக்கத்துல இவ்வளவு இருந்துதுன்னா நீ அன்னைக்கே சொல்லியிருக்கணும்லா?”

“சொன்னேன் சார். எழுதியும் குடுத்தேன். மரப்பலகையெல்லாம் விஞ்ஞானம் இல்லன்னு சொன்னீங்க. நீங்க அத வெட்டுனது எனக்கு வருத்தம் இல்ல. படிக்காம வெட்டுனீங்க பாருங்க, அதான்.” குரலை உயர்த்தவே இல்லை. “இந்தப் பிள்ளை எழுதுனதையும் படிக்காம வெட்டிராதீங்க. படிச்சுட்டு வெட்டுங்க.”

அவ்வளவுதான் பேச்சு. அமிர்தகனிக்கு மூன்றே கால் பேருந்து. போய்விட்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பேராசிரியர் தவமணிராஜ் கையில் ஒரு தலையணையோடு வந்து ஏழாம் எண் நாற்காலியில் போட்டு உட்கார்ந்தார். “எத்தனை பக்கம்வே?”

“இருநூத்தி ஆறு சார்.”

பெருமூச்சு விட்டார். அன்று மதியம் வாசிமானி “வாசகர் உறங்குகிறார்” என்று தேன் குரலில் மூன்று முறை அறிவித்தது. சத்தத்தைக் குறைத்து வைத்தேன். அடுத்த நாள் உறக்கம் இல்லை. அதற்கும் அடுத்த நாள் ஜெயவடிவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் பயந்துகொண்டே வந்தாள்.

“இந்த முப்பத்தெட்டாம் பலகையில மட்டும் ஏன் ஒண்ணுமே கெடைக்கல?”

“அது பிளாஸ்டிக் சார்.”

“பிளாஸ்டிக்க எதுக்குப் பரிசோதிச்ச?”

“கெடைக்கக் கூடாதுல்லா சார். கெடைக்கலேன்னு காட்டணும்ல.”

“நல்லாத்தான் செஞ்சிருக்க” என்று திரைக்குத் திரும்பினார். ஜெயவடிவு வெளியே வந்து என் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். எட்டு வருடத்தில் அவர் அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது என்றாள்.

ஒன்று, இரண்டு, மூன்று அத்தியாயம் பச்சை. அடுத்து ஐந்தாம் அத்தியாயம் பச்சை. நாலாவதை விட்டுவிட்டு ஐந்துக்குப் போனதை வாசிமானியும் நானும் மட்டும் கவனித்தோம். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். யாரும் பல் பிடுங்கக் கடைசி ஆளாகத்தான் போவார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் மூன்று மணிக்கு நாலாம் அத்தியாயத்தைத் திறந்தார். பதிவாளர் அலுவலகம் ஐந்துக்கு மூடும். ஜெயவடிவு அச்சடித்த பிரதிகளை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் இருந்தாள். மூன்றரை. மூன்றே முக்கால். நான்கு மணிக்கு வாசிமானி பேசியது.

“கண்கள் கிடைக்கவில்லை. முகத்தைத் திரைக்கு நேராக வைக்கவும்.”

போய்ப் பார்த்தேன். முகம் நேராகத்தான் இருந்தது. கண்கள்தான் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தன. பேராசிரியர் கைக்குட்டையால் துடைத்தார். படித்தார். “கண்கள் கிடைக்கவில்லை.” துடைத்தார். “கண்கள் கிடைக்கவில்லை.” கண்ணீரை வைத்து அந்த எந்திரத்தை யாரும் பழக்கியிருக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைக்கு யார் அழுவார்கள்?

“சாரி வே” என்றார் என்னிடம். “வயசாச்சு. தூசி.”

நான்கேகால்.

விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: பார்வைத் தடை உள்ள வாசகருக்கு, நூலகர் நேரில் கேட்டறிந்து சான்று அளிக்கலாம். இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு கட்டுரையைப் பற்றி யாரையும் கேள்வி கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“சார், விதிப்படி நான் ஒண்ணு கேக்கணும். நாலாவது அத்தியாயத்துல என்ன இருக்கு?”

அவர் திரையைப் பார்க்காமல் சொன்னார். “அமிர்தகனின்னு ஒரு பிள்ளை பலகையில அத மொதல்ல கண்டுபிடிச்சுது. அந்தப் பத்திய நான் வெட்டிட்டேன். அதனால இந்தப் பிள்ளை எட்டு வருஷம் கஷ்டப்பட்டு அத மறுபடி கண்டுபிடிச்சிருக்கு.”

திரையில் இருந்த வரியை நான் பார்த்தேன். ஜெயவடிவு எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘அந்தப் பத்திகள் அச்சுக்குப் போகும்போது நீக்கப்பட்டன.’

“யாரு வெட்டினான்னு இதுல இல்லியே சார்?”

“இல்ல” என்றார். “எனக்குப் புரிஞ்சுது.”

சான்றுப் படிவத்தைத் திறந்தேன். காரணம் என்ன என்று கேட்டது. கண்புரை, அறுவை சிகிச்சை, பார்வையின்மை, இதர. இதர என்பதைத் தொட்டேன். ஐம்பது எழுத்துகளுக்குக் குறையாமல் விவரிக்கவும் என்றது. தட்டினேன். ஒரு நொடி யோசித்துவிட்டு வாசிமானி பச்சை காட்டியது. ஜெயவடிவிடம் கையை ஆட்டினேன். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் பிரதிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்தைப் பார்த்து ஓடினாள்.

“என்னவே எழுதுனீரு?” என்று கேட்டார் பேராசிரியர்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். ‘மேற்படி வாசகர், ஆய்வேட்டில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துப் படித்துப் புரிந்துகொண்டார். நூலகர் உடனிருந்தார்.’

அவர் படித்தார். வாசிமானி மறுபடி கண்களைத் தேட ஆரம்பித்தது.